பத்துப் பவுண்டுக்குப் பயந்து நடந்த நானூறு கிலோமீட்டர்

ஆஸ்திரேலியாவின் தெற்குக் கடற்கரையில் ரோப் என்று ஓர் ஊர். இன்றைக்கு அது லீவுக்குப் போய் சிங்கி இறால் தின்றுவிட்டு வரும் ஊர். 1857இல் சில நூறு பேர் வசித்த, ஆட்டு ரோமம் ஏற்றி அனுப்பும் சின்னத் துறை. அந்த ஆண்டு ஜனவரியில் ‘லேண்ட் ஆஃப் கேக்ஸ்’ என்ற கப்பல் இருநூற்றுச் சொச்சம் சீனர்களை அங்கே இறக்கிவிட்டுப் போனது. அப்புறம் கப்பல் மேல் கப்பல். ஓரிரு ஆண்டுக்குள் 16,000 பேருக்கு மேல் அந்தக் கரையில் இறங்கிவிட்டார்கள். அவர்களுக்கு ரோப்பில் வேலை கிடையாது. அங்கே தங்கமும் கிடையாது. தங்கம் கிடந்தது பக்கத்துக் காலனியான விக்டோரியாவில், பல்லாரட், பெண்டிகோ பக்கம். மெல்போர்னில் இறங்கினால் பல்லாரட்டுக்கு நூற்றுப் பத்துக் கிலோமீட்டர் சொச்சம்தான். ரோப்பிலிருந்து ஏறக்குறைய 400. தூரம் தெரிந்துதான் அங்கே இறங்கினார்கள்.

காரணம் பத்துப் பவுண்டு.

விக்டோரியா அரசு 1855இல் ஒரு சட்டம் போட்டது. தன் துறைமுகங்களில் இறங்கும் ஒவ்வொரு சீனருக்கும் கப்பல் தலைவன் பத்துப் பவுண்டு தலைவரி கட்ட வேண்டும். அதோடு, கப்பலின் கொள்ளளவில் பத்து டன்னுக்கு ஒரு சீனர்தான் ஏற்றலாம். 600 டன் கப்பல் என்றால் 60 பேர். 61ஆவது ஆளை ஏற்றினால் அபராதம். கப்பல்காரருக்கு இது கட்டுப்படியாகாது. பயணிக்கோ, பத்துப் பவுண்டு என்பது கிட்டத்தட்ட இன்னொரு தடவை கப்பல் கட்டணம் கொடுப்பது போல. ரோப் இருந்த தெற்கு ஆஸ்திரேலியா வேறு காலனி, அங்கே அந்தச் சட்டம் இல்லை. அங்கே இறக்கிவிட்டு, எல்லையை நடந்தே தாண்டினால் வரி மிச்சம். பதினாறாயிரம் பேரின் நடைக்கும் இதுதான் கணக்கு.

அந்தச் சட்டம் எந்த வயிற்றில் பிறந்தது என்பதுதான் வேடிக்கை. 1854 டிசம்பரில் பல்லாரட்டில் யுரேகா என்ற இடத்தில் தங்கம் தோண்டுபவர்கள் கலகம் செய்தார்கள். மாதாமாதம் கட்டவேண்டிய லைசென்ஸ் கட்டணமும், அதைக் கேட்டு வரும் போலீஸின் அடாவடியும் பொறுக்காமல் மரவேலி போட்டுத் துப்பாக்கி தூக்கினார்கள். ராணுவம் புகுந்தது, இருபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் செத்தார்கள். ஆஸ்திரேலிய ஜனநாயகத்தின் தொட்டில் என்று இன்றும் பள்ளிப் பாடத்தில் வரும் சம்பவம். அதை விசாரித்த கமிஷன், அநியாயமான லைசென்ஸை ஒழித்துவிட்டு வருஷத்துக்கு ஒரு பவுண்டு உரிமைச்சீட்டு போதும் என்று பரிந்துரைத்தது. அதே கமிஷன் அதே அறிக்கையில், சீனர்கள் வருவதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்றும் எழுதியது. ஒருவன் தலையிலிருந்து இறங்கிய வரி இன்னொருவன் தலையில் ஏறிய கதை இது.

சரி, இந்த வரியைக் கண்டு இவ்வளவு அஞ்சியவர்கள் யார்? சீனாவின் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தவர்கள் அல்ல. பெரும்பாலோர் குவாங்டாங் மாகாணத்தில், முத்து நதி கடலில் கலக்கும் பகுதியைச் சுற்றியிருந்த ஒரு சில மாவட்டத்துக்காரர்கள். குறிப்பாக தைஷான், கைபிங், ஷின்ஹுய், என்பிங் என்ற நான்கு மாவட்டங்கள். நாலையும் சேர்த்து சீ யப் என்பார்கள், ‘நாலு மாவட்டம்’ என்றே பொருள். கலிபோர்னியாவில் 1848இல் தங்கம் கண்டதும் அந்த நாடு இவர்கள் வாயில் ‘கம் சான்’ ஆனது, தங்கமலை. 1851இல் விக்டோரியாவிலும் தங்கம் என்று தெரிந்ததும் இது புதுத் தங்கமலை, சான் பிரான்சிஸ்கோ பழைய தங்கமலை. சீன மொழியில் சான் பிரான்சிஸ்கோவுக்கு இன்றைக்கும் அதுதான் பெயர்.

ஏன் இந்த நான்கு மாவட்டம் மட்டும்? வறுமை என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம், பல கட்டுரைகள் அப்படித்தான் போகின்றன. வறுமை இருந்தது. மலைப்பாங்கான நிலம், விளைச்சல் வருஷம் முழுக்க வயிறு நிரப்பாது. அபினிப் போருக்குப் பிறகு, 1842 ஒப்பந்தத்தால் வேறு துறைமுகங்களும் திறந்துவிட, அதுவரை வெளிநாட்டு வணிகத்தைத் தனியாக வைத்திருந்த காண்டன் (இன்றைய குவாங்சோ) துறைமுகத்தில் சுமைகூலிகளும் படகோட்டிகளும் வேலை இழந்தார்கள். 1850இல் தைப்பிங் கலகம். 1855இலிருந்து பன்னிரண்டு வருஷம் உள்ளூர்க்காரர்களுக்கும் ஹக்கா மக்களுக்கும் ஊருக்கு ஊர் வெட்டுக்குத்து. எல்லாம் உண்மை. ஆனால் பட்டினிதான் ஆளைக் கப்பலேற்றும் என்றால், இவர்களைவிடப் பட்டினி கிடந்த வடக்கு மாகாணத்துக்காரர்கள் அல்லவா முதலில் கிளம்பியிருக்க வேண்டும்? அவர்கள் கிளம்பவில்லை. இந்த மாவட்டங்களுக்கு இருந்தது பக்கத்தில் ஹாங்காங், தலைமுறையாகக் கடல் வாணிகம் தெரிந்த ஆட்கள், எல்லாவற்றுக்கும் மேலாகக் கடன் கொடுக்கத் தயாரான வியாபாரிகள். பரம ஏழையால் தங்கமலைக்குப் போக முடியாது. அடகு வைக்க ஒரு துண்டு நிலமோ, ஜாமீன் நிற்க ஓர் உறவினரோ இருப்பவனுக்குத்தான் டிக்கெட்.

ஏற்பாடு இப்படி. கப்பல் கட்டணத்தை வியாபாரி போடுவார். போகிறவன் போன இடத்தில் சம்பாதித்து வட்டியோடு அடைக்க வேண்டும். ஊரில் குடும்பத்தின் நிலம் ஈடு, அப்பனும் அண்ணனும் பொறுப்பு. ஆட்களைக் கூட்டம் கூட்டமாக ஒரு தலைவரின் கீழ் அனுப்புவார்கள். அவர் அதே ஊர்க்காரர், பல நேரம் அதே குலப்பெயர். தங்க வயலில் குழி பிரித்துக் கொடுப்பது, அரிசி வாங்கிப் போடுவது, கடன் தவணை பிடிப்பது எல்லாம் அவர்தான். நமக்கு இது புரியாத சங்கதி இல்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணி முன்பணம் கொடுத்து ஆள் கூட்டிப்போனதும் ஏறத்தாழ இதே வார்ப்புதான். அங்கே தொழிலாளியின் கடனை எழுதிய சீட்டுக்குத் ‘துண்டு’ என்று பெயர், அந்தத் துண்டில்லாமல் அடுத்த தோட்டத்தில் சேர முடியாது. கலிபோர்னியாவிலும் அதன் அண்ணன் தம்பி ஒன்று இருந்தது. சான் பிரான்சிஸ்கோவின் சீன ஊர்ச்சங்கங்கள் கப்பல் கம்பெனிகளோடு பேசி வைத்திருந்தன. கடன் தீர்ந்தது என்று சங்கம் சீட்டுக் கொடுத்தால்தான் ஊர் திரும்ப டிக்கெட்.

ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். அதே காலத்தில் அதே கடற்கரையிலிருந்து, முக்கியமாக மக்காவ் வழியாக, கியூபாவின் கரும்புக் காடுகளுக்கும் பெரு நாட்டுக்கும் சீனர்களை ஏற்றினார்கள். அது வேறு. எட்டு வருஷ ஒப்பந்தம், ஏமாற்றியும் கடத்தியும் பிடித்த ஆட்கள், பெருவின் சின்ச்சா தீவுகளில் பறவை எச்சம் வெட்டும் வேலை. காண்டனில் அதைப் ‘பன்றிக்குட்டி விற்பது’ என்றே சொன்னார்கள். தங்கமலைக்குப் போனவன் பன்றிக்குட்டி அல்ல. கடன்காரன்தான், ஆனால் தானாகக் கிளம்பியவன். ஆஸ்திரேலியாவின் வெள்ளைத் தொழிலாளர்கள் இந்த வித்தியாசத்தைப் பார்க்கவே மறுத்தார்கள். எல்லாரும் அடிமைகள், எல்லாரும் யாரோ முதலாளி ஏவிய கூலிப்படை என்றார்கள். அப்படிச் சொன்னால்தானே துரத்துவதற்கு நியாயம் கிடைக்கும்.

மறுபடி ரோப்பின் கரைக்கு வருவோம். கிச்சன் (Guichen) விரிகுடா என்று பெயர். பெயர்தான் விரிகுடா, காற்றடித்தால் கப்பலுக்குப் பாதுகாப்பில்லை. 1857 ஜூன் 30 அன்று ‘கொனிங் வில்லெம்’ என்ற டச்சுக் கப்பல், சுமார் 400 சீனர்களை இறக்கிவிட்டுத் திரும்பக் காத்திருந்தபோது புயலில் சிக்கிக் கரையில் மோதி உடைந்தது. மாலுமிகள் இருபத்தைந்து பேரில் பதினாறு பேர் மூழ்கிப் போனார்கள். பயணிகள் சில நாள் முன்னே இறங்கியதால் தப்பினார்கள்.

ஊருக்கு அது கொண்டாட்டக் காலம். படகில் கரைக்குக் கொண்டுவரக் காசு, சாமானுக்குக் காசு, வழிகாட்டிக்குக் காசு. ஆட்கள் வரிசையாக, ஒருவர் பின் ஒருவராகக் கிளம்புவார்கள். தோளில் நீண்ட மூங்கில் காவடி, இரண்டு முனையிலும் கூடை. ஒரு கூடையில் அரிசியும் பாத்திரமும், இன்னொன்றில் படுக்கையும் மண்வெட்டித் தலையும். நூற்றுக்கணக்கான ஆட்கள் இப்படிப் போகும்போது வரிசையே மைல் கணக்கில் நீளும். மூன்றிலிருந்து ஐந்து வாரம் வரை நடை. சதுப்பு, புதர், தண்ணீரில்லாத மணல். வழியில் கிணறு வெட்டினார்கள். அடிலெய்டில் இறங்கி கூரோங் கடற்கரையோரமாக நடந்தவர்கள் கல் கட்டிய கிணறு ஒன்று இன்னும் அங்கே இருக்கிறது. பின்னால் வருபவனுக்கு அடையாளம் விட்டுப் போனார்கள். வழிகாட்டிகளில் சிலர் பாதி வழியிலேயே, ‘அதோ தெரிகிறது பார் தங்க வயல்’ என்று கைகாட்டிவிட்டுக் கம்பி நீட்டினார்கள். மொழி தெரியாத கூட்டம் நடுக்காட்டில்.

அதில் ஒரு கூட்டத்துக்கு அடித்தது யோகம். 1857இல் ரோப்பிலிருந்து நடந்து வந்த எழுநூறு பேர் சொச்சம், விக்டோரியாவுக்குள் ஓர் ஊற்றுப் பக்கம் தங்கினார்கள். தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் மண்ணில் தங்கம். காண்டன் லீட் என்று பெயர் பெற்ற அந்தப் படிவு கிலோமீட்டர் கணக்கில் ஓடியது. செய்தி பரவிச் சில வாரத்தில் ஆயிரக்கணக்கானோர் அங்கே குவிந்தார்கள். அதுதான் இன்றைய அரராட் நகரம். சீனர்களை உள்ளே விடாமல் இருக்கப் போட்ட சட்டம்தான் சீனர்கள் கண்டுபிடித்த ஓர் ஊரை விக்டோரியாவுக்குக் கொடுத்தது. வரி இல்லாவிட்டால் அவர்கள் அந்த வழியாக நடந்தே இருக்க மாட்டார்கள்.

1857 முடிவதற்குள் தெற்கு ஆஸ்திரேலியாவும், விக்டோரியாவின் நச்சரிப்பு தாங்காமல், அதேபோல் ஒரு சட்டம் போட்டது. ரோப்பின் கொண்டாட்டம் வந்த வேகத்தில் ஓய்ந்தது.

தங்க வயலில் இவர்கள் வேலை செய்த விதத்தைப் பார்த்தாலும் பின்னால் கடன் தெரியும். தங்கம் தோண்டும் வெள்ளைக்காரன் ஓர் இடத்தில் பெரிய கட்டி கிடைக்கும் என்று தோண்டுவான், கிடைக்காவிட்டால் அடுத்த இடத்துக்கு ஓடுவான். சூதாட்ட மனசு அது. தவணை கட்ட வேண்டியவனுக்குச் சூதாட முடியாது. அவனுக்குத் தினமும் ஏதோ கொஞ்சம் வந்தாக வேண்டும். அதனால் மற்றவர்கள் விட்டுப்போன குழிகளையும், அலசிக் கொட்டிய கழிவு மண்ணையும் எடுத்து மறுபடி அலசினார்கள். முப்பது, ஐம்பது பேர் சேர்ந்து கால்வாய் வெட்டி, தண்ணீரைத் திருப்பி, ஆட்டுகிற மரத்தொட்டியில் மண்ணைப் போட்டு, அடியில் தங்கும் பொடியைச் சேர்த்தார்கள். ஊரில் நெல் வயலுக்கு நீர் பாய்ச்சிய கை, இங்கே தங்கத்துக்குப் பாய்ச்சியது. காலியான குழியில் காய்கறி போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கூட வேலை செய்கிறார்கள் என்பதும் ஒரு குற்றச்சாட்டு. தண்ணீரைக் கலக்குகிறார்கள், தங்கத்தை ஊருக்கு அனுப்புகிறார்கள், பெண்களைக் கூட்டிவரவில்லை. கடைசிக் குற்றச்சாட்டில் உண்மை இருந்தது. 1861இல் ஆஸ்திரேலியாவில் சீனாவில் பிறந்தவர்கள் 38,258 பேர், மொத்த மக்கள்தொகையில் 3.3 சதவீதம். அதில் பெண்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். மனைவி ஊரில் மாமியாரோடு இருந்தாள். அவள்தான் உண்மையில் ஈடு. கணவன் பணம் அனுப்புவான், ஒருநாள் திரும்புவான் என்பதற்கு நிலத்தைவிட உறுதியான ஜாமீன்.

வெறுப்பு பேச்சோடு நிற்கவில்லை. 1857 ஜூலை 4 அன்று விக்டோரியாவின் பக்லாண்ட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் நூறு பேர் போல ஒரு கும்பல், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சீனர்களை அடித்து விரட்டியது. கூடாரங்களையும் கடைகளையும் கொளுத்தினார்கள், புதிதாகக் கட்டிய கோயிலையும் விடவில்லை. குளிர்கால ஆற்றில் விழுந்தும் குளிரிலும் செத்தவர்கள் உண்டு. வழக்கு நடந்தது, பெரும்பாலோர் வெளியே வந்துவிட்டார்கள். 1861 ஜூன் 30 அன்று நியூ சவுத் வேல்ஸின் லாம்பிங் ஃபிளாட்டில் இதைவிடப் பெரிய கும்பல், ‘சீனர் வேண்டாம்’ என்று கொடி எழுதிப் பிடித்துக்கொண்டு வாத்தியம் முழங்கப் போனது. சீனர்கள் பின்னிப் போட்டிருந்த சடையை அறுத்தார்கள், சில இடங்களில் தலைத்தோலோடு. அந்தக் கொடியை இன்றும் அந்த ஊர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். ஊர்ப் பெயரைத்தான் யங் என்று மாற்றிவிட்டார்கள்.

அரசு செய்தது என்ன? ‘பாதுகாவலர்’ என்று அதிகாரிகளைப் போட்டு, சீனர்களைத் தனி முகாமில் ஒதுக்கி, அந்தப் பாதுகாப்புக்கு 1857இலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒரு பவுண்டு வசூலித்தது. அடிவாங்கியவனிடம் அடிபடாமல் இருக்கக் கட்டணம். ஆயிரக்கணக்கானோர் கட்ட மறுத்தார்கள், கூட்டம் போட்டார்கள், மனு எழுதினார்கள், ஜெயிலுக்கும் போனார்கள். யுரேகாக்காரர்கள் துப்பாக்கி எடுத்த விஷயத்துக்கு இவர்கள் மனு எழுதினார்கள். அதற்கு யாரும் நினைவுத்தூண் வைக்கவில்லை. 1860களின் தொடக்கத்தில் தங்கமும் குறைந்து, ஆட்களும் குறைந்த பிறகுதான் விக்டோரியா இந்த வரிகளைக் கைவிட்டது.

ஆனால் பத்துப் பவுண்டு என்ற யோசனை சாகவில்லை. நியூசிலாந்தில் 1865இல் டுனீடின் நகர வணிகர் சங்கமே, வெள்ளையர் விட்டுப்போன ஒட்டாகோ தங்க வயல்களில் வேலை செய்ய விக்டோரியாவிலிருந்து சீனர்களைக் கூப்பிட்டது. கூப்பிட்ட அதே நாடு 1881இல் பத்துப் பவுண்டு தலைவரி போட்டது. அதே பத்து டன் கணக்கும் கூடவே வந்தது. 1896இல் வரி நூறு பவுண்டு ஆயிற்று, 200 டன்னுக்கு ஓர் ஆள். கனடா 1885இல் 50 டாலரில் தொடங்கி 1903க்குள் 500 டாலருக்கு ஏற்றியது. அமெரிக்கா வரி வாங்கும் சிரமமே வேண்டாம் என்று 1882இல் சீனத் தொழிலாளர்களுக்குக் கதவையே மூடிவிட்டது. காலனிகள் சேர்ந்து ஆஸ்திரேலியா 1901இல் ஒரே நாடானபோது மெல்போர்ன் ஊர்வலத்தில் பெண்டிகோ சீனர்களின் டிராகன் ஆடிக்கொண்டு போனது, அதே வருஷக் கடைசியில் குடியேற்றத் தடைச் சட்டம் வந்தது. ஏதாவது ஓர் ஐரோப்பிய மொழியில் ஐம்பது சொல் எழுதச் சொல்லி, எழுதாதவனைத் திருப்பி அனுப்பும் சட்டம்.

செல்வம் சேர்ந்ததா என்று கேட்டால், தோண்டியவர்களில் பெரும்பாலோருக்குக் கடன் தீர்ந்து கொஞ்சம் மிஞ்சியது, சிலருக்கு அதுவும் இல்லை. கையில் காசு புரண்டது நடுவில் இருந்தவர்களுக்கு. பினாங்கில் பிறந்து, மெல்போர்னில் கப்பலும் கடையும் நடத்திய லோ காங் மெங் அப்படி ஒருவர். இன்னொருவர் சோய் சியூ ஹோய். விக்டோரியாவிலிருந்து டுனீடினுக்குப் போய் கடை வைத்து, தங்கம் தோண்டிய சீனர்களுக்கு அரிசியும் கருவியும் கடனுக்குக் கொடுத்தவர். 1880களின் கடைசியில் ஷாட்டோவர் ஆற்றில் மிதவை இயந்திரம் இறக்கி, ஆற்றடி மண்ணை வாரித் தங்கம் எடுத்தார். அதைப் பார்த்துத்தான் அந்த நாட்டில் எல்லாரும் அந்த இயந்திரத்துக்கு ஓடினார்கள். தோண்டியவனைவிடத் தோண்டியவனுக்கு அரிசி விற்றவன் பிழைத்தான் என்பது எல்லாத் தங்க வேட்டைக்கும் பொது.

திரும்பிப் போவதும் அந்தக் கடன் ஏற்பாட்டில் ஒரு பாகம், செத்தாலும் கூட. வெளியூர் மண்ணில் கிடப்பவனுக்குக் குடும்பத்தார் படையல் வைக்க முடியாது, ஆவி பசியோடு அலையும். அதனால் ஊர்ச்சங்கங்கள் உறுப்பினர்களிடம் பணம் வாங்கி, சில வருஷம் கழித்து எலும்பைத் தோண்டி, கழுவி, பெட்டியில் வைத்து ஊருக்கு அனுப்பின. நியூசிலாந்தில் குவாங்டாங்கின் பன்யூ மாவட்டத்துக்காரர்களுக்காக இதை முன்னின்று செய்தவர் சியூ ஹோய்தான். 1883இல் 230 பேரின் உடல்கள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. அடுத்த கப்பலுக்குப் பல வருஷம் ஏற்பாடு நடந்தது. நாடு முழுக்கக் கல்லறை கல்லறையாகப் போய் 499 பேரைத் திரட்டினார்கள். ஏற்பாடு முடிவதற்குள் 1901இல் சியூ ஹோயே இறந்துபோனார். அவர் பெட்டியும் அதே கப்பலில் ஏறியது.

‘வென்ட்னர்’ என்ற அந்த நீராவிக் கப்பல் 1902 அக்டோபரில் வெலிங்டனிலிருந்து ஹாங்காங்குக்குக் கிளம்பியது. பெட்டிகளுக்குத் துணையாகச் சில வயதான சீனர்கள், ஊர் திரும்ப இலவசப் பயணம் என்பதால் ஏறியிருந்தார்கள். டாரனாகி கரையோரம் பாறையில் இடித்தது, ஓட்டையோடு வடக்கே போனது, ஹோக்கியாங்காவுக்கு அப்பால் அக்டோபர் 28 அன்று மூழ்கியது. பதின்மூன்று பேர் செத்தார்கள். அடுத்த நாட்களில் எலும்புகள் கரையொதுங்கின. அந்தக் கரையின் மாவோரி மக்கள், தே ரோரோவா, தே ராராவா குலத்தார், யாருடையது என்று தெரியாமலே அவற்றைப் பொறுக்கி எடுத்துத் தங்கள் முன்னோர் கிடக்கும் நிலத்தில் புதைத்தார்கள். அந்தச் செய்தி குடும்பங்களுக்கு எட்ட நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. இப்போது சிங் மிங் நாளில், நமக்கு ஆடி அமாவாசை மாதிரி அவர்களுக்கு முன்னோர் நாள், பேரப்பிள்ளைகள் சிலர் அந்தக் கரைக்குப் படையலோடு போகிறார்கள்.